உடனே வாங்குவதா, ஏலத்தில் கேட்பதா? (கல்முனை வாசகரின் முறைப்பாடும் அதன் தொடர்ச்சியும்)

2025 ஜூன் 3, செவ்வாய், காலை. கல்முனை வாசகர் எழுதியது

ஓர் இணைய ஏலத் தளத்தில் ஹீலியோஸ் 44-2 என்ற பழைய சோவியத் கமரா வில்லை ஒன்றைப் பார்த்தேன். ஏலத்தின் தொடக்க விலை 15 டொலர் என்றும், உடனே வாங்குவதானால் 40 டொலர் என்றும் போட்டிருந்தது. சம்பளம் கணக்குக்கு வரட்டும் என்று அன்றிரவு விட்டுவிட்டேன். காலையில் பார்த்தபோது உடனே வாங்கும் பொத்தானைக் காணவில்லை. 15 டொலருக்கு ஒருவர் கேட்டிருக்கிறார் என்ற தகவல் மட்டும் இருந்தது. விலையைக் காட்டி ஆசையை மூட்டிவிட்டுப் பிறகு எடுத்துவிடுவது விற்பவரின் தந்திரம் அல்லாமல் வேறென்ன? ஏலம் என்பதே ஏமாற்று, நிலையான விலைதான் நேர்மையானது என்பது என் முடிவு. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஜூன் 3, இரவு. இந்த இணைய உரையாடல் இழையில் இனி வருபவை எல்லாம் மட்டக்களப்பிலிருந்து நான் எழுதியவை

பொத்தானை விற்பவர் எடுக்கவில்லை. ஈபே போன்ற தளத்தில் ஏலமும் உடனடி விலையும் ஒரே விளம்பரத்தில் சேர்ந்திருந்தால், முதலாவது ஆள் ஏலத்தில் கேட்டவுடன் உடனடி விலை பொதுவாகத் தானாகவே மறைந்துவிடும். விற்பவர் மறைவான குறைந்தபட்ச விலை ஒன்றை வைத்திருந்தால், கேட்கப்படும் தொகை அதை எட்டும் வரைக்கும் பொத்தான் நிற்கும். விதி அவ்வளவுதான். அந்தத் தளத்தில் உடனடி விலை தொடக்க விலையைவிடக் குறைந்தது 30 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதும் விதி. 15 டொலருக்கும் 40 டொலருக்கும் இடையே அந்த இடைவெளி தாராளமாகவே இருக்கிறது. ஆகவே விற்பவர் தவறேதும் செய்ததாகத் தெரியவில்லை.

தந்திரம் ஒன்று நடந்திருந்தால் அது வாங்க வந்த இன்னொருவருடையது. அவர் 15 டொலரைக் கேட்டதன் மூலம் 40 டொலர் கொடுத்து உடனே எடுத்துச் செல்லக்கூடிய உங்களைப் போன்றவர்களை வெளியே தள்ளிவிட்டார். இனி ஏலம் முடியும் நாள்வரை எல்லோரும் காத்திருந்தாக வேண்டும். பொறுமைசாலிகளுக்கு அது இலாபம்.

உங்கள் முடிவை நான் முற்றாக மறுக்கவில்லை. அந்த வில்லையைச் சோவியத் தொழிற்சாலைகள் இலட்சக்கணக்கில் வார்த்துத் தள்ளின. இன்று தவறினால் நாளை இன்னொன்று விற்பனைக்கு வரும். அப்படிப்பட்ட பொருளுக்காக ஏலத்தில் நின்று தூக்கம் கெட வேண்டியதில்லை. நிலையான விலைக்கே வாங்குங்கள். முடிவு சரி, அதற்கு நீங்கள் சொன்ன காரணம்தான் சரியில்லை.

ஜூன் 4, காலை

நான் வாங்குவது வேறு வகைப் பொருள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் பேச்சு ஏலத்துக்கு வக்காலத்து வாங்குவதாகத் தோன்றும். மட்டக்களப்புத் தபாற்கந்தோரின் முத்திரை விழுந்த பழைய தபாலுறைகளையும், இந்த ஊரின் படம் அச்சிட்ட தபாலட்டைகளையும் சேர்க்கிறேன். கல்லடியில் 1924 இல் திறக்கப்பட்ட மானிங் சீமாட்டி பாலத்தைக் காட்டும் அட்டைகள், கோட்டை, வாவிக்கரை, முகத்துவாரத்து வெளிச்சவீடு ஆகியவை அவற்றில் சேரும். இலங்கையின் முதல் முத்திரை வெளிவந்த 1857 ஆம் ஆண்டுக்கு அடுத்த சில பத்தாண்டுகளில் இவ்வூரிலிருந்து போன கடிதம் ஒன்று அகப்பட்டால், அதை ஒத்த இன்னொன்று என் வாழ்நாளில் திரும்பவும் சந்தைக்கு வரும் என்று எந்த வியாபாரியாலும் உறுதி சொல்ல முடியாது.

அத்தகைய பொருளுக்கு நிலையான விலை என்று ஒன்று எழுதியிருந்தால், அது விற்பவர் மனத்தில் தோன்றிய ஊகம் மட்டுமே. இங்கிலாந்தின் ஏதோ ஒரு சிற்றூரில் பழைய வீட்டைக் காலிசெய்பவருக்கு மட்டக்களப்பு எங்கே இருக்கிறது என்பதே தெரிந்திருக்காது. அவர் பொருளை ஏலத்தில் போட்டுவிட்டு, வேண்டியவர்கள் விலையைச் சொல்லட்டும் என்று ஒதுங்குவதே அவருக்கும் நல்லது, எனக்கும் சில வேளைகளில் நல்லது.

ஜூன் 4, பிற்பகல்

"சில வேளைகளில்" என்றது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பொருளின் அருமை எனக்கு மட்டுமே தெரிந்திருந்தால் ஏலம் எனக்கு நல்லது. எனக்கும் இலண்டனில் குடியேறிய நம்மூர்க்காரர் ஒருவருக்கும் தெரிந்திருந்தால், பவுணில் சம்பளம் வாங்குகிற அவருக்கே நல்லது.

ஜூன் 7, சனி

ஏலத்தில் கேட்கும்போது நாம் எழுதுகிற தொகையையே கொடுக்க வேண்டியிருக்கும் என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பதைப் பின்னூட்டங்களில் பார்த்தேன். அப்படியில்லை. நாம் தளத்திடம் சொல்வது நமது உச்சத்தொகையை. அதைத் தளம் தனக்குள் வைத்துக்கொண்டு, மற்றவரை முந்துவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவை மட்டும் நம் சார்பில் கேட்கிறது. தொடக்க விலை 10 டொலர் என்றும், நான் 45 டொலரை உச்சமாக எழுதினேன் என்றும் வைத்துக்கொள்வோம். வேறு யாரும் கேட்காதவரை விலை 10 டொலரில்தான் நிற்கும். இன்னொருவர் 31 டொலரை உச்சமாக எழுதினால், அந்த விலைப் பிரிவில் ஒரு படி, அதாவது ஒரு முறைக்கு ஏற்ற வேண்டிய குறைந்தபட்சத் தொகை, 1 டொலர் என்பதால் விலை 32 டொலருக்கு ஏறும். பொருள் என்னுடையதாகவே இருக்கும். வென்றவர் கொடுப்பது தமது உச்சத்தை அல்ல, தோற்றவருள் முதல்வரின் உச்சத்தையும் ஒரு படியையும்.

பொருளியலில் இதற்கு மரியாதையான ஓர் இடமுண்டு. இரண்டாவது உயர்ந்த விலையைக் கொடுக்கும் ஏலத்தில், ஒருவர் தமக்கு அப்பொருள் உண்மையில் என்ன பெறுமோ அதையே எழுதுவது சிறந்த உத்தி என்று வில்லியம் விக்ரி 1961 இல் நிறுவினார். 1996 இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டு மூன்று நாட்களில் காலமானார். ஆனால் முத்திரை சேர்ப்பவர்களாகிய எங்களுக்குப் பெருமை தரும் செய்தி ஒன்று உண்டு: அவருக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே, 1893 இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் முத்திரை வியாபாரிகள் தபால் மூலம் இதே முறையில் ஏலம் நடத்தியிருக்கிறார்கள். நேரில் வர முடியாதவர் உச்சத்தொகையைக் கடிதத்தில் எழுதி அனுப்புவார். வென்றால் இரண்டாமவரின் தொகைக்குச் சற்று மேலே செலுத்துவார். தூரத்திலிருப்பவர் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு உருவானது என்பதைக் கவனியுங்கள். மட்டக்களப்பில் இருந்துகொண்டு கேட்கிற எனக்கு அது பொருந்தி வருகிறது.

ஆனால் கல்முனை வாசகர் சொன்ன ஏமாற்று உணர்வுக்கும் ஒரு நியாயம் உண்டு. 45 டொலர் எழுதியவரை ஒருவர் 46 டொலர் எழுதி முந்திவிட்டார் என்ற மின்னஞ்சல் வந்தால், நம்மில் பெரும்பாலானோர் மறுபடியும் போய் 50 என்று எழுதுவார்கள். பொருளின் பெறுமதி அந்த ஒரு நிமிடத்தில் 5 டொலர் கூடிவிட்டதா? 50 டொலர் பெறும் என்றால் முதலிலேயே 50 எழுதியிருக்க வேண்டும். ஏல முறையில் நான் கண்ட பெரிய கேடு இதுதான், அதுவும் முறையில் இல்லை, நம்மிடம்தான் இருக்கிறது.

ஜூன் 9, திங்கள், விடியுமுன்

இங்கிலாந்து விற்பனையாளர்கள் ஞாயிற்றுக்கிழமை இரவு 8 மணிக்கு ஏலத்தை முடிப்பதை மிகவும் விரும்புகிறார்கள், ஏனெனில் அப்போது எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். கோடை காலத்தில் அது நமக்குத் திங்கட்கிழமை அதிகாலை 12.30, குளிர்காலத்தில் 1.30. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஞாயிறு மாலை 6 மணிக்கு முடியும் ஏலம் கோடையில் நமக்குத் திங்கள் காலை 6.30 ஆகும், அது பரவாயில்லை, தேநீரோடு கேட்கலாம். இப்போது நான் விழித்திருப்பது இங்கிலாந்து ஏலம் ஒன்றினால். உறை கிடைக்கவில்லை. என் எல்லையைத் தாண்டிப் போயிற்று, போகட்டும்.

தூங்கப் போவதற்கு முன் கேட்டு வைத்துவிடலாமே, எதற்காகக் கடைசி நிமிடம்வரை காத்திருக்கிறீர்கள் என்று காத்தான்குடி நானா முன்பொரு முறை கேட்டது நினைவிருக்கிறது. விக்ரி சொன்னபடி எல்லோரும் நடந்தால் காத்திருக்கத் தேவையே இல்லை. நடைமுறையில் மனிதர்கள் படிப்படியாகக் கேட்கிறார்கள். தம்மை முந்தியவரைக் கண்டால் எரிச்சலில் ஏற்றுகிறார்கள். ஆல்வின் ரோத், அக்செல் ஒக்கன்ஃபெல்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் இருவரும் 2002 இல் வெளியிட்ட ஆய்வில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். ஈபேயில் ஏலம் குறித்த நொடியில் முடிந்துவிடும். 1999 இல் தொடங்கப்பட்டு இப்போது இல்லாமற்போன அமேசான் ஏலத்திலோ, கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் ஏலம் பத்து நிமிடம் நீண்டது. ஒரே வகைப் பொருள்களை ஒப்பிட்டபோது, கடைசி நொடிகளில் பாய்ந்து கேட்பது ஈபேயில் பெருமளவிலும் அமேசானில் மிகக் குறைவாகவும் இருந்தது. முடிவு நேரம் இறுக்கமாக இருந்தால், எதிரி எரிச்சலடைய அவகாசம் கொடுக்காமல் இருப்பதே புத்தி.

எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. அரிய உறை ஒன்றுக்கு ஆறு நாட்களுக்கு முன்பே ஒருவர் கேட்டிருப்பது, அதைக் கவனிக்காமல் கடந்து போயிருக்கக்கூடிய மற்றவர்களுக்கு "இதில் ஏதோ இருக்கிறது" என்று அறிவிப்பதாகிவிடும்.

ஜூன் 9, மாலை

கடைசி நொடியில் கேட்பது முறைகேடு என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். ஈபேயின் விதிகள் அதை அனுமதிக்கின்றன. பிடிக்காதவர்கள் யப்பானின் யாகூ ஏலத் தளத்தைப் பார்க்கலாம். அங்கே விற்பவர் விரும்பினால், இறுதி ஐந்து நிமிடத்துக்குள் யாராவது விலையை ஏற்றும்போது இன்னும் ஐந்து நிமிடம் நீளும்படி அமைக்கலாம். யப்பானிய நண்பரோ இடைத்தரகரோ இல்லாமல் நாம் அங்கே வாங்குவது கடினம் என்பது வேறு விடயம்.

ஜூன் 10

இந்த இழையில் இதுவரை படித்தவற்றுள் சுவையானது ஏறாவூர் நானா எழுதிய குறிப்பு. வாழைச்சேனைத் துறைமுகத்தில் விடியற்காலையில் மீன் ஏலம் கூறும்போது யாரும் ஏமாந்ததாகப் பேசுவதில்லையே, இணையத்தில் மட்டும் ஏன் இந்தச் சந்தேகம் என்று கேட்கிறார்.

அந்த ஏலத்தில் மீன் கண்முன்னே கிடக்கிறது, செவுளைத் திறந்து பார்க்கலாம். கேட்பவர்களின் முகமும் தெரியும், யார் யாருக்காகக் கேட்கிறார் என்பதும் ஊருக்குத் தெரியும். இணைய ஏலத்தில் இவை இரண்டும் இல்லை. ஆனால் நானா சொன்னதில் அடங்கியிருக்கிற பெரிய விடயம் வேறு. அன்று எத்தனை வள்ளம் வந்தது, என்ன மீன் பட்டது என்பது கரைக்கு வந்த பிறகுதான் தெரியும் என்பதாலேயே மீனுக்கு முதல் நாளே விலை எழுதி வைக்க முடியாமல் ஏலம் தேவைப்படுகிறது. அதே மீன் சந்தைக்குப் போய்ப் பலகையில் ஏறியதும் கிலோவுக்கு இவ்வளவு என்று விலை நின்றுவிடுகிறது. ஒரே மீன் காலையில் ஏலத்துக்குரியதாகவும் பத்து மணிக்கு நிலையான விலைக்குரியதாகவும் இருக்கும்போது, இவ்விரண்டில் எது நேர்மையானது என்ற கேள்விக்கு இடம் எங்கே?

ஜூன் 12

நேற்று முழுவதும் யோசித்ததில், நான் 3 ஆம், 4 ஆம் திகதிகளில் எழுதியதைச் சற்றுத் திருத்திச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. திரும்பக் கிடைக்கும் பொருளுக்கு நிலையான விலை, கிடைக்காத பொருளுக்கு ஏலம் என்று வரம்பு கட்டியது பயன்படும், ஆனால் நிலையான விலை என்று நாம் சொல்வது பெரும்பாலும் நிலையாக இருப்பதில்லை.

என் கண்காணிப்புப் பட்டியலில் இருந்த தபாலட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வியாபாரி முதலில் 60 பவுண் என்று போட்டார். யாரும் வாங்கவில்லை. சில வாரங்களில் 52 ஆயிற்று, பிறகு 45. அதன் பிறகு, பட்டியலில் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று 38 பவுணுக்கு ஒரு சலுகை மின்னஞ்சலில் வந்தது. மேலிருந்து விலை இறங்கிக்கொண்டே வருகிறது. முதலில் "சரி" என்பவருக்குப் பொருள். ஒல்லாந்தின் ஆல்ஸ்மேர் சந்தையில் பூக்களை இறங்குமுகமாக ஏலம் விடுகிறார்களே, அந்த முறைதான் இது. அங்கே சில நொடிகளில் முடிவது இங்கே மாதக்கணக்கில் நடக்கிறது. ஒல்லாந்தர் 1638 இல் நம் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். கோட்டையில் தங்கள் அடையாளத்தை விட்டுச் சென்றவர்கள் ஏல முறையையும் விட்டுச் சென்றிருந்தால் வாழைச்சேனையில் கூவுகிறவருக்குத் தொண்டை மிச்சமாகியிருக்கும்.

"விலை பேசலாம்" என்று குறிப்பிட்டிருக்கும் விளம்பரமும் அப்படித்தான். நீங்கள் ஒரு தொகையை எழுதி அனுப்புகிறீர்கள், வேறு யார் என்ன எழுதினார் என்பது தெரியாது, விற்பவர் ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். மூடிய உறையில் கேள்விப்பத்திரம் போடுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஆக, உண்மையில் வேறுபடுவது காத்திருப்பின் சுமையை யார் சுமக்கிறார் என்பதுதான். ஏலத்தில் விற்பவர் ஏழு அல்லது பத்து நாளில் பொருளைக் கைவிட்டுவிடுகிறார். என்ன விலை வந்தாலும் சரி என்ற ஆபத்து அவருடையது. நிலையான விலையில் அவர் மாதக்கணக்கில் பொருளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பொறுமைக்கான கூலியை விலையில் சேர்த்திருக்கிறார். அந்தக் கூலியைக் கொடுக்க எனக்கு மனம் உண்டா என்பதைத்தான் நான் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்கிறேன். அவசரமானால் கொடுக்கிறேன். என் பொழுதுபோக்கில் அவசரம் அரிது.

ஜூன் 12, சற்றுப் பிந்தி

காத்திருந்தால் வேறொருவர் வாங்கிவிட மாட்டாரா என்று ஒரு தம்பி கேட்கிறார். வாங்கிவிடலாம். 38 பவுண் அட்டை இன்னும் இருக்கிறது. இதை எழுதியதால் இனி இருக்குமோ தெரியாது.

ஜூன் 15

ரூபாய்க் கணக்கை யாரும் எழுதவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டவர் எழுதும் எந்த ஆலோசனையிலும் இது இருக்காது. நிலையான விலைக்கு வாங்கினால் அன்றைய நாணய மாற்று வீதத்தை அறிந்துகொண்டு அப்போதே செலுத்துகிறோம். ஏலத்தில், கேட்கும் நாளுக்கும் செலுத்தும் நாளுக்கும் இடையே ஒரு வாரமோ அதற்கு மேலோ ஓடிவிடலாம். சாதாரண காலத்தில் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டபோது இரண்டு ஏலங்களில் என் உச்சத்தொகை நின்றுகொண்டிருந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயைச் சற்றுத் தாண்டி நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாய் ஆயிற்று. டொலரில் நான் எழுதிய எல்லை அசையவில்லை, ஆனால் நான் மனத்தில் எழுதியிருந்தது ரூபாயில் அல்லவா? நல்ல வேளையாக இரண்டிலும் தோற்றேன். ஏலத்தில் தோற்றதற்காகச் சந்தோஷப்பட்டது அந்த மாதத்தில்தான்.

அதனால் உச்சத்தொகையை இப்போது இப்படிக் கணக்கிடுகிறேன். வீட்டுக்கு வந்து சேரும்போது மொத்தம் எத்தனை ரூபாய் கொடுக்கச் சம்மதம் என்பதை முதலில் தீர்மானிக்கிறேன். அதிலிருந்து அனுப்பும் செலவு, வங்கி அட்டைக்கு மாற்று வீதத்தின் மேல் பிடிக்கும் தொகை, கொழும்பில் சுங்கம் கேட்கக்கூடியது ஆகியவற்றைக் கழித்து, மீதியை டொலரிலோ பவுணிலோ எழுதுகிறேன். தபாலட்டையும் உறையும் கடித உறைக்குள்ளேயே வந்துவிடுவதால் எனக்குச் செலவு சிறிது. கமரா வில்லை பொதியாக வரும். அதில் அனுப்பும் செலவே பொருளின் விலையைத் தொட்டுவிடலாம். 15 டொலர் ஏலத்தில் மயங்கிய பலர் அந்தப் பக்கத்திலேயே உள்ள அனுப்பும் செலவைப் பார்ப்பதில்லை.

பேபால் என்ற இணையக் கட்டணச் சேவை மூலம் நம் நாட்டிலிருந்து செலுத்தலாம், ஆனால் 2025 ஜூன் நிலவரப்படி பெற முடியாது. எனவே இந்த இழையில் விற்பவரின் பக்கத்தை அனுபவத்தோடு எழுதக்கூடியவர்கள் குறைவாகவே இருப்பார்கள். எழுதுங்கள்.

ஜூன் 21

விற்பவர் தம் ஆளை வைத்துப் போலியாகக் கேட்கச் செய்து விலையை ஏற்றுவது பற்றி மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். அது நடக்கிறது, தளத்தின் விதி அதைத் தடைசெய்கிறது, இருந்தும் நடக்கிறது. கேட்பவர்களின் பெயரை இரண்டு எழுத்தும் சில நட்சத்திரக் குறிகளுமாக மறைத்துக் காட்டுவதால் யாரென்று அறிய முடியாது. ஆனால் கேட்டோர் வரலாற்றைத் திறந்தால், ஒருவர் அண்மைக் காலத்தில் கேட்டவற்றில் எத்தனை சதவீதம் இதே விற்பவரின் பொருள்கள் என்பது தெரியும். தளத்தில் மற்றவர்கள் தந்த பின்னூட்டங்களின் எண்ணிக்கை மிகக் குறைந்த ஒருவர், தாம் கேட்டவற்றில் அனேகமாக எல்லாவற்றையும் ஒரே விற்பவரிடமே கேட்டு, ஒன்றிலும் வெல்லாமல் இருந்தால் நான் விலகிவிடுகிறேன். அது நியாயமான ஒரு சேகரிப்பாளராகவும் இருக்கலாம் என்பதால் முறைப்பாடு செய்வதில்லை.

இன்னொரு அறிகுறி: ஏலத்தில் தோற்ற மறுநாள், "வென்றவர் பணம் செலுத்தவில்லை, உங்கள் தொகைக்கே தருகிறேன்" என்ற இரண்டாம் வாய்ப்பு வருவது. இது முறையான ஏற்பாடுதான், உண்மையிலேயே பணம் செலுத்தாமல் ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வென்றவரின் சதவீதம் மேலே சொன்னபடி இருந்து, அதன் பின் இந்தக் கடிதமும் வந்தால் எனக்கு நம்பிக்கை போய்விடும். என் உச்சத்தொகையை அவர் இப்போது தெரிந்துகொண்டுவிட்டார், அதையே கேட்கிறார். நான் பதில் எழுதுவதில்லை.

நிலையான விலையில் இந்த வகைத் தொல்லை இல்லை என்பதை ஏற்கிறேன். கல்முனை வாசகருக்கு இந்த இடத்தில் ஒரு புள்ளி.

ஜூன் 22

கலவைப் பெட்டி ஏலங்களைப் பற்றி: "பழைய இலங்கை முத்திரைகள், பிரித்துப் பார்க்கப்படவில்லை" என்று நூற்றுக்கணக்கில் ஒன்றாக விற்பார்கள். அவை எனக்கொரு விலையும் உங்களுக்கொரு விலையும் பெறும் பொருள்கள் அல்ல. பெட்டிக்குள் இருப்பது எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே பெறுமதி, அது எவ்வளவு என்பதுதான் யாருக்கும் தெரியாது. அங்கே வெல்பவர் பெரும்பாலும் மிகையாக மதிப்பிட்டவராகவே இருப்பார். மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய் நிலங்களை ஏலத்தில் எடுத்த நிறுவனங்களின் இலாபம் ஏன் இவ்வளவு மோசமாக இருந்தது என்று ஆராய்ந்த மூன்று பொறியியலாளர்கள் 1971 இல் இதைத்தான் எழுதினார்கள். எண்ணெய்க் கம்பனிகளுக்கே இந்தக் கதி. பெட்டிகளை நான் தொடுவதில்லை.

ஜூன் 28

இழை வாகனப் பக்கம் சாய்ந்துவிட்டது. தனியார் வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்துவிட்டதால் அது எதிர்பார்க்கக்கூடியதே. 2020 மார்ச்சிலிருந்து அடைபட்டுக் கிடந்தவர்கள் அல்லவா. யப்பானிய ஏலத்தில் வாகனம் வாங்குவது பற்றி அக்கரைப்பற்றுச் சகோதரர் கேட்டதற்குச் சுருக்கமாக: யப்பானிய வாகன ஏலங்களில் உறுப்பினரான வியாபாரிகள் மட்டுமே கேட்க முடியும், ஒரு வாகனம் சில நொடிகளில் விற்றுவிடும். உங்கள் சார்பில் ஒரு முகவர் கேட்கிறார். உங்களிடம் அவர் சொல்வது துறைமுகம்வரை இவ்வளவு என்ற ஒற்றைத் தொகை. நீங்கள் நிலையான விலைக்கு வாங்குகிறீர்கள், ஆனால் அதற்கு அடியில் ஓர் ஏலம் நடந்திருக்கிறது. அந்த ஏலத்தில் என்ன விலை விழுந்தது என்பதையும், தரப் புள்ளி எழுதிய ஏலத் தாளின் மூலப் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். தாளில் தரம் 4 என்றோ 4.5 என்றோ இருப்பதும், விபத்துக்குப் பின் திருத்தப்பட்டதைக் குறிக்கும் ஆர் (R) என்ற எழுத்து இருப்பதும் இலட்சக்கணக்கான ரூபாய் வித்தியாசம். தாளைக் காட்டத் தயங்கும் முகவரிடம் வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை.

இதற்கு மேல் வாகனம் வேண்டாம், தனி இழை தொடங்குங்கள்.

ஜூலை 5

கல்முனை வாசகர் நிலையான விலைக்கே, அதே 40 டொலருக்கு, ஒரு வில்லையை வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறார். அனுப்பும் செலவுடன் அவருக்கு ஆன தொகையைப் பார்த்தேன், பரவாயில்லை. முதலில் பார்த்த வில்லை ஏலத்தில் எவ்வளவுக்குப் போனது என்று அவர் பார்த்திருக்கிறார்: 34 டொலர். "ஆறு டொலர் இழந்தேனா?" என்கிறார். ஏலம் முடியும்வரை காத்திருந்து, அந்த 34 ஐ மேலும் ஒரு படி ஏற்ற வேண்டியிருந்திருக்கும். அத்தோடு அந்த 34 கேட்டவரின் உச்சம் 34 தானா, 60 ஆ என்பது உங்களுக்குத் தெரியாது. விழுந்த விலை என்பது தோற்றவர் எங்கே நின்றார் என்பதைச் சொல்லுமே தவிர, வென்றவர் எதுவரை போயிருப்பார் என்பதைச் சொல்லாது.

ஆனால் முடிந்த விற்பனைகளைப் பார்க்கும் அந்தப் பழக்கம் நல்லது. தளத்தில் விற்றுத் தீர்ந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது. கேட்கும் விலைகளை நம்பாமல் கொடுத்த விலைகளைப் பாருங்கள். ஒரு பொருளுக்கு அங்கே இருபது முப்பது விற்பனைகள் தெரிந்து, விலைகளும் நெருங்கி நின்றால், அதை ஏலத்தில் தேடுவது நேர விரயம். ஒன்றுமே தெரியாவிட்டால் அது என் போன்றவர்களின் பிரதேசம்.

சந்தையும் அந்தத் திசையிலேயே போயிருக்கிறது. ஈபே 1995 இல் தொடங்கியபோது ஏலத்துக்கென்றே இருந்த தளம். அங்கே முதலில் விற்றது பழுதடைந்த ஒரு லேசர் சுட்டுகோல், 14.83 டொலருக்கு. உடனே வாங்கும் பொத்தான் வந்தது 2000 இல். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்த விளம்பரங்களில் மிகப் பெரும்பான்மை ஏலங்களாக இருந்தன. ஒரு பத்தாண்டுக்குள் நிலையான விலை முந்திவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க வசதி பெருகியதும், ஏலத்தில் நிற்பதில் மக்களுக்கு இருந்த புதுமை தீர்ந்ததும் காரணங்கள். இன்று ஏலத்தில் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் பழையவை, ஒற்றையானவை, விலை தெரியாதவை.

ஜூலை 13

ஒரே விற்பவரிடம் இரண்டு மூன்று ஏலங்களில் வென்றால் ஒரே உறையில் போட்டு அனுப்புவாரா என்ற கேள்விக்கு: பெரும்பாலானோர் அனுப்புவார்கள், ஆனால் ஏலம் கேட்பதற்கு முன்பே அவருக்கு எழுதி விசாரியுங்கள். வென்ற பின் விசாரித்தால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுப்பும் செலவோடு ஏலம் கேட்டதாகத்தான் கணக்கு. கேட்ட தொகை உடன்படிக்கைக்குச் சமம் என்பதால் பின்வாங்கவும் முடியாது. விற்பவர் சம்மதித்தால், தளம் தானாக அனுப்பும் கட்டணக் கோரிக்கைக்குப் பணம் செலுத்தாமல் விற்பவர் திருத்தி அனுப்பும் கூட்டுக் கோரிக்கை வரும்வரை பொறுத்திருங்கள். இலங்கைக்கு அனுப்புவதில்லை என்று குறித்திருப்பவர்களுக்கும் எழுதிப் பார்க்கலாம்; ஓர் உறைதானே, பதிவுத் தபாலில் போடுங்கள் என்றால் சிலர் இணங்குகிறார்கள். முகவரியில் அஞ்சல் குறியீடு 30000 ஐ மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். அது மட்டக்களப்பு நகருக்கு உரியது. அம்பாறை மாவட்டத்தவர்கள் தத்தம் குறியீட்டை எழுதுங்கள்.